ஓமானின் பாத்தினா: கோட்டை, சோலை, மலைச்சாலை – புதிதாகப் போகிறவர்களுக்கு

மஸ்கட்டுக்கு வந்து இறங்கி, கையில் மூன்று நாள் விடுப்பும் ஓட்டுநர் உரிமமும் வைத்திருக்கிறவர்களிடம் எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நிஸ்வா என்றோ வஹீபா மணற்பரப்பு என்றோ சொல்வார்கள். இரண்டும் நல்ல இடங்களே. ஆயினும் பாலைநிலத்தில் மனிதர் எவ்வாறு ஊர் அமைத்து வாழ்ந்தனர் என்பதைக் குறைந்த தூரத்தில், குறைந்த செலவில் காண விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் பாத்தினா. மஸ்கட்டுக்கு வடமேற்கே, ஹஜர் மலைத்தொடருக்கும் ஓமான் வளைகுடாவுக்கும் இடையே, ஐக்கிய அரபு அமீரக எல்லை வரை நீண்டு கிடக்கும் கரையோரச் சமவெளி அது. அரபியில் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. மலைக்கு அப்பால் உள்ள நிலத்துக்கு ழாஹிரா, அதாவது முதுகு, என்று பெயர். மலையை ஒரு முதுகெலும்பாக எண்ணி இட்ட பெயர்கள் இவை. வயிறு என்பது பொருத்தம்தான். ஓமானின் பேரீச்சை, மாங்காய், எலுமிச்சை ஆகியவற்றில் பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது.

2011-இல் இப்பகுதி வட பாத்தினா, தென் பாத்தினா என இரு ஆளுநரகங்களாகப் பிரிக்கப்பட்டது. வட பாத்தினாவின் தலைநகர் ஸோஹார். தென் பாத்தினாவின் தலைநகர் ருஸ்தாக். இக்கட்டுரை தென் பாத்தினாவைப் பற்றியது. பர்கா, நக்கல், அவாபி, ருஸ்தாக், அல் ஹஸ்ம் என்று ஒரு வளையமாகச் சுற்றி மீண்டும் கடற்கரைக்கு வரும் பாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். ஒரே நாளில் நான்கு கோட்டைகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது எது எந்தக் கோட்டையின் படம் என்பதே தெரியவில்லை; எல்லாம் ஒரே மண்நிறச் சுவர்களாகத் தெரிந்தன. மறுமுறை போனபோது ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: இந்தக் கோட்டை ஏன் சரியாக இந்த இடத்தில் நிற்கிறது? ஏறக்குறைய எல்லா இடத்திலும் விடை தண்ணீராக இருந்தது. ஊற்றையோ, மலையிலிருந்து வரும் கால்வாயையோ, காட்டாறு சமவெளிக்குள் இறங்கும் வாயையோ யார் காக்கிறார்களோ அவர்களுக்கே ஊர் சொந்தம். ஆகவே இந்த வழிகாட்டியைக் கோட்டைகளின் வரிசையில் எழுதாமல் நீரின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன்

காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை பகலில் நடக்கலாம், இரவில் மலையில் போர்வை தேவைப்படும். மே முதல் செப்டம்பர் வரை சமவெளியில் வெப்பம் 45 பாகையைத் தொடுவதும் உண்டு; கடற்காற்றின் ஈரப்பதம் அதை இன்னும் கடுமையாக்கும். கோடையில் வருவதற்கு ஒரே நியாயமான காரணம் பேரீச்சை அறுவடைதான். ரமலான் மாதத்தில் வருகிறவர்கள் பகலில் பொது இடத்தில் உண்ணவும் குடிக்கவும் கூடாது என்பதையும், சிற்றூர்களில் மாலைவரை உணவகங்கள் திறந்திரா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா விதிகளை ராயல் ஓமான் காவல்துறையின் மின்விசா இணையதளத்தில் நேரடியாகப் பார்த்துக்கொள்வதே நல்லது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, முகவர்கள் சொல்வது பழைய செய்தியாக இருக்கக்கூடும். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். ஓமான் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. நாணயம் ரியால், ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. பர்காவிலும் ருஸ்தாக்கிலும் அட்டை செல்லும். மலைக்குள் இருக்கும் பெட்டிக்கடையில் செல்லாது என்று வைத்துக்கொண்டு சில்லறை ரியால் தாள்களைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது வண்டி. பேருந்தை நம்பி இந்தப் பகுதியைப் பார்க்க இயலாது, ஏனெனில் ஊற்றுகளுக்கும் மலைச்சாலைகளுக்கும் பேருந்து போவதில்லை. விமான நிலையத்திலேயே வாடகைக்குக் கார் கிடைக்கும். நக்கல், ருஸ்தாக், அல் ஹஸ்ம், கடற்கரை ஆகியவற்றுக்கு மட்டும் போவதானால் சிறிய கார் போதும். வழி முழுவதும் நல்ல தார்ச்சாலை. மலையைக் கடக்க எண்ணினால் தரை உயரம் கூடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம் வேண்டும். அதை எடுக்கும்போது ஒப்பந்தத்தில் சரளைச் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் செல்லாது என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் சக்கரம் கழற்றும் சாவியும் உள்ளனவா என்று வண்டியை வாங்கும் இடத்திலேயே திறந்து பார்க்கவும். இதைச் செய்யாமல் கிளம்பிய ஒரு நண்பர், பஞ்சரான பின்புதான் தம் வண்டியில் ஜாக்கியே இல்லை என்று கண்டறிந்தார். அவ்வழியே வந்த கிராமத்தார் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, கேட்காமலேயே இறங்கிச் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். ஓமானில் இப்படி உதவி கிடைப்பது அரிதன்று. எனினும் அதை நம்பிப் பயணத் திட்டம் போடக் கூடாது.

ஓமானில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் நெடுஞ்சாலையில் தடுமாறுவதில்லை, ரவுண்டானாவில்தான் தடுமாறுவார்கள். அங்கே இடப்பக்கத்திலிருந்து, அதாவது ஏற்கெனவே சுற்றுக்குள் இருந்து, வருகிற வண்டிக்கு முன்னுரிமை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைகளில் வேகக் கண்காணிப்புக் கருவிகள் அடிக்கடி இருக்கின்றன. அபராதம் வாடகை நிறுவனத்தின் வழியாக உங்களிடம் வந்து சேரும். அவசர அழைப்பு எண் 9999.

மழை பற்றி ஒரு தனி எச்சரிக்கை

வாதி என்ற சொல்லை இங்கே அடிக்கடி கேட்பீர்கள். மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஆற்றுப்படுகைக்கும் அது ஓடும் பள்ளத்தாக்குக்கும் அதுவே பெயர். நம் மொழியில் காட்டாறு என்பது மிக அருகில் வரும் சொல். ஹஜர் மலையில் மண் குறைவு, மரம் குறைவு. பெய்த மழையைப் பாறை உறிஞ்சுவதற்குள் அது படுகைக்கு ஓடி வந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, மலைக்கு மேல் எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். அதனால்தான் சாலை ஆற்றைக் குறுக்கே கடக்கும் இடங்களில் நீரின் உயரத்தைக் காட்டும் சிவப்பு வெள்ளைக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். ஓடும் வெள்ளத்தில் தெரிந்தே வண்டியை இறக்குவது ஓமான் போக்குவரத்துச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வானிலை அறிவிப்பில் ஹஜர் மலைமீது இடிமழை என்று இருந்தால், எந்த வாதிக்குள்ளும் போகாதீர்கள். அன்றைக்குக் கடற்கரையைப் பாருங்கள். வாதிப் படுகையின் மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். சமவெளிக்கும் இந்த ஆபத்து உண்டு. 2021 அக்டோபர் 3 அன்று ஷாஹீன் புயல் பாத்தினாக் கரையைத் தாக்கியபோது, காற்றைப் போலவே இந்தக் காட்டாறுகளும் ஊர்களுக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தன.

முதல் நாள்: நக்கல்

மஸ்கட்டிலிருந்து கடற்கரை நெடுஞ்சாலையில் பர்கா வரை வந்து, அங்கிருந்து மலையை நோக்கித் திரும்பும் 13-ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். காலை ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் நக்கலில் இருக்கலாம். தமிழ்க் காதுக்கு இப்பெயர் கேலி செய்வதுபோல் கேட்கும். அரபியில் பேரீச்சை மரங்கள் என்று பொருள். வழியில் மலையின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். முதலில் வரும் கரும்பழுப்புக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலின் அடித்தரையாக இருந்த பாறை. புவியின் நகர்வால் நிலத்தின்மேல் தள்ளப்பட்ட இந்தக் கடலடிப் பாறைத்தொகுதியின் காரணமாகவே உலகெங்குமிருந்து நிலவியலாளர்கள் ஓமானுக்கு வருகிறார்கள். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் செங்குத்தாக எழுவது சுண்ணாம்புப் பாறை. அந்தச் சுண்ணாம்பு மலை மழைநீரை விரிசல்கள் வழியே உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. கரும்பாறையைச் சந்திக்கும் விளிம்புகளில் நீர் ஊற்றாக வெளிவருகிறது. ஊர்கள் அந்த விளிம்பில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலோர் நேராகக் கோட்டைக்குப் போவார்கள். நீங்கள் கோட்டையைத் தாண்டி, பேரீச்சந்தோப்புகளின் நடுவே செல்லும் குறுகிய சாலையில் சில கிலோமீட்டர் போய் முதலில் அயின் தவாரா ஊற்றைப் பாருங்கள். அயின் என்றால் ஊற்று. கண் என்றும் பொருள். மலையடிவாரத்தில் வெதுவெதுப்பான நீர் பாறையிலிருந்து வெளிவந்து, வாதிக்குள் ஓடையாகி, அங்கிருந்து கால்வாய்களில் தோப்புகளுக்குப் பிரிகிறது. உள்ளூர்க் குடும்பங்கள் வெள்ளி, சனி வார விடுமுறையில் பாய் விரித்து அமரும் இடம் இது. அமைதி வேண்டுவோர் மற்ற நாட்களில் வரவேண்டும். காலை நனைக்கலாம். முழுவதும் குளிப்பதாக இருந்தால் தோளும் முழங்காலும் மூடிய உடையுடனே இறங்குங்கள். சோப்பும் ஷாம்பும் வேண்டா, கீழே தோப்புக்குப் போகிற நீர் அது.

இந்தக் கால்வாய்க்கு ஃபலஜ் என்று பெயர்; பன்மையில் அஃப்லாஜ். ஓமானில் இன்றும் சுமார் 3,000 அஃப்லாஜ் பயன்பாட்டில் இருக்கின்றன. ஊற்றிலிருந்து நேரே வருவது ஒரு வகை, வாதியின் மேலோட்ட நீரைத் திருப்புவது மற்றொரு வகை, மலையடிவாரத்தில் ஆழக் கிணறு தோண்டி நிலத்தடியில் சுரங்கம் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் சாய்வு பிசகாமல் கொண்டுவருவது மூன்றாம் வகை. நீர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் குடிநீர் எடுக்கும் இடம், அதன்பின் பள்ளிவாசலும் குளிக்கும் இடங்களும், கடைசியாகத் தோப்பு என்று வரிசை இருக்கும். தோப்புக்காரர்களுக்கு நீர் நேரக் கணக்கில் பங்கிடப்படுகிறது. அதார் எனப்படும் ஒரு பங்கு ஏறத்தாழ அரைமணி நேரம். பகலில் நிழற்கம்பத்தின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்துப் பங்கு மாற்றிய வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஏரிப்பாசனத்தில் நீர்கட்டி முறைவைத்து மடை திறந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தோப்பின் ஓரத்தில் நின்று, ஒருவர் துணிப்பொதியையும் கல்லையும் வைத்து ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறப்பதைப் பார்க்க நேர்ந்தால், கோட்டைக்குத் தாமதமானாலும் நின்று பாருங்கள்.

அதன்பின் நக்கல் கோட்டைக்கு வாருங்கள். ஒரு பெரும்பாறையின்மேல், அந்தப் பாறையின் வடிவத்தை அப்படியே ஒட்டிக் கட்டப்பட்டிருப்பதால் இதன் சுவர்கள் நேர்கோட்டில் போவதில்லை; சில அறைகளுக்குள் மலைப்பாறையே சுவராக வந்து நிற்கும். அடித்தளம் இஸ்லாத்துக்கு முற்பட்டது என்று சொல்லப்படுகிறது. இன்றைய உருவம் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. 1990-இல் முழுமையாகச் செப்பனிடப்பட்டது. கீழிருந்து மேலாக அவசரமின்றிப் போங்கள். சேமிப்பறை, சிறை, விருந்தினர் கூடம், மேலே குடும்பத்தார் அறைகள் என அடுக்கடுக்காக ஏறும். ஓமான் கோட்டைகளில் பேரீச்சைச் சேமிப்பறையைத் தவறாமல் தேடிப் பாருங்கள். தரையில் இணையாக ஓடும் வரப்புகளும் பள்ளங்களும் இருக்கும். மூட்டை மூட்டையாகப் பேரீச்சையை அடுக்கினால் அதன் பாரத்திலேயே பாகு கசிந்து, பள்ளத்தில் ஓடி, ஒரு மூலையில் புதைத்த சாடியில் நிறையும். உணவுக்குப் பயன்பட்ட இதே பாகைக் கொதிக்கவைத்து, வாசலுக்கு மேலிருக்கும் துளை வழியாகப் பகைவர் தலையில் ஊற்றவும் செய்தார்கள். மேற்தளத்தில் நின்றால் ஊற்றிலிருந்து தோப்பு எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவு தூரம்தான் ஊரும் நீள்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

கோட்டைகள் பொதுவாகக் காலையில் திறந்து பிற்பகல் நான்கு மணிவாக்கில் மூடிவிடும். வெள்ளிக்கிழமையில் நேரம் மிகக் குறைவு. செப்பனிடும் பணிக்காக ஒரு கோட்டை மாதக்கணக்கில் மூடப்பட்டிருப்பதும் உண்டு. ஆதலால் முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவாபியைக் கடந்து ருஸ்தாக்

நக்கலிலிருந்து ருஸ்தாக் சுமார் 50 கிலோமீட்டர். நடுவில் வரும் அவாபி, பனீ கரூஸ் வாதி மலையிலிருந்து வெளிவரும் வாயில் அமர்ந்திருக்கிறது. சிறிய கோட்டை ஒன்று, அதன் காலடியில் கால்வாய். அரைமணி நேரம் போதும். நேரம் உள்ளவர்கள் வாதிக்குள் சாலை செல்லும் வரை சென்று, செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு இடையே இருக்கும் படிக்கட்டுத் தோப்புகளைப் பார்க்கலாம்.

ருஸ்தாக் வரலாற்றில் கனமான ஊர். 1624-இல் நாஸிர் பின் முர்ஷித் இங்கேதான் இமாமாக, அதாவது சமயத்துக்கும் ஆட்சிக்கும் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுக் குலங்களை ஒன்றுசேர்த்த யஅரூபி மரபு அவரிலிருந்து தொடங்குகிறது. அவருக்குப் பின் வந்த சுல்தான் பின் ஸயிஃப் 1650-இல் போர்த்துக்கீசியரை மஸ்கட்டிலிருந்து வெளியேற்றினார். அந்த மரபில் எனக்குப் பிடித்தவர் முதலாம் ஸயிஃப் பின் சுல்தான். கால்வாய்களைச் செப்பனிட்டு, பாத்தினாவில் பேரீச்சையும் தென்னையும் நட்டதால் அவருக்கு நிலத்தைப் பிணைத்தவர் என்ற பொருளில் கைத் அல் அர்த் என்னும் பட்டம் கிடைத்தது. வென்ற போர்களுக்காக அல்லாமல் வெட்டிய வாய்க்காலுக்காக ஓர் அரசர் நினைவுகூரப்படுவது எந்த நாட்டிலும் பெருமைதான். அவர் 1711-இல் மறைந்தார். ருஸ்தாக்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இன்றைய அரச மரபான அல் பூ ஸயீதின் நிறுவனர் அகமது பின் ஸயீதும் ருஸ்தாக்கைத் தலைநகராகக் கொண்டு ஆண்டு, 1783-இல் மறைந்து இங்கேயே அடங்கியிருக்கிறார்.

ருஸ்தாக் கோட்டையின் தொடக்கம் பாரசீக ஆட்சிக்காலத்தது என்பர். அதற்கு நான்கு கோபுரங்கள். காற்றுக் கோபுரம், செங்கோபுரம், புதுக்கோபுரம், நான்காவதாகச் சைத்தான்கள் கோபுரம். உள்ளே பள்ளிவாசல், ஆயுத அறை, சிறை எல்லாம் உண்டு. கோட்டைக்குள்ளேயே நீர் வரும் ஏற்பாடும் உண்டு. முற்றுகையிட்டவர்கள் வெளியே தாகத்தில் காத்திருக்க, உள்ளே இருப்பவர்கள் குளித்துக்கொண்டிருக்கலாம் என்பது அதன் பொருள். ஊரின் மற்றொரு பக்கத்தில் அயின் அல் கஸ்ஃபா என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. நீரின் வெப்பம் சுமார் 45 பாகை. கந்தக வாசனை மெல்ல வரும். தோல் நோய்க்கும் மூட்டு வலிக்கும் நல்லது என்று நம்பி வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளிப்பிடங்கள் உண்டு. நேராகக் காலை விடாமல், கையால் தொட்டுப் பார்த்தபின் இறங்குங்கள்.

யுனெஸ்கோ 2006-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஐந்து அஃப்லாஜில் ஒன்றான ஃபலஜ் அல் முயஸ்ஸர் ருஸ்தாக்கில்தான் இருக்கிறது. பெரிய பலகையும் வரிசையும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தோப்புகளுக்கு நடுவே ஓடும் வேலை செய்கிற கால்வாய் அது. ஊராரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள். இரவு ருஸ்தாக்கிலோ அதன் அருகிலோ தங்கினால் மறுநாள் மலைச்சாலைக்கு வசதி. விடுதிகள் அதிகம் இல்லாததால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: மலையைக் கடத்தல்

வாதி பனீ அவ்ஃப் வழியாக ஹஜர் மலையைக் கடந்து, மறுபக்கத்து ஊரான அல் ஹம்ராவில் இறங்கும் பாதையைப் பற்றி இரண்டு விதமாகவும் மிகைப்படுத்துகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் பாதை என்பார் சிலர்; யார் வேண்டுமானாலும் போகலாம் என்பார் சிலர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவருக்கு வளைவுகள் புதிதாக இரா. ஆனால் அங்கே தார் இருக்கிறது, ஓரத்தில் தடுப்புச் சுவர் இருக்கிறது. இங்கே நெடுந்தூரத்துக்கு ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் சரளைப் பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள் பயணியாகவும் வரவேண்டா என்பதே என் கருத்து. மலைச்சாலையில் ஒரு முறையேனும் ஓட்டிய அனுபவம் இல்லாதவர்கள், உள்ளூர் ஓட்டுநருடன் வண்டியை அமர்த்திக்கொள்வது செலவானாலும் தகும்.

காலை எட்டு மணிக்குள் ருஸ்தாக்கில் பெட்ரோல் நிரப்பி, ஆளுக்கு நான்கு லிட்டர் குடிநீர் ஏற்றி, வரைபடத்தைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்துகொண்டு புறப்படுங்கள். பள்ளத்தாக்குக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அவாபிக்கும் ருஸ்தாக்குக்கும் இடையே வாதி பனீ அவ்ஃபுக்கான திருப்பம் பலகையுடன் இருக்கிறது. முதல் பகுதி வாதிப் படுகையோடு ஒட்டிச் செல்கிறது; பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கிவரும். பிறகு சட்டென்று வெளி திறந்து, மலைகளுக்கு நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு கால்பந்துத் திடல் தெரியும். அங்கே நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு, எதிரிலிருந்து வருகிற ஓட்டுநர் எவரேனும் இருந்தால் மேலே பாதை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாதை மாறும். நேற்று வந்தவர் சொல்வதை எந்த வரைபடமும் சொல்லாது.

சிறிது தூரத்தில் பிரியும் பாதை பலத் சைத் கிராமத்துக்குப் போகிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணத்தின் அடியில், ஒரு திட்டின்மேல் அடுக்கிவைத்த வீடுகளும் கீழே படிக்கட்டு வயல்களும் உள்ள ஊர். ஒரே ஊற்று பல நூறு ஆண்டுகளாக இந்த வயல்களைக் காத்து வருகிறது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வயல் வரப்புகளே அவர்களுக்கு வீதி. பெண்களைப் படம் எடுக்கக் கூடாது. ஆண்களையும் கேட்டபின்பே எடுக்க வேண்டும். பறக்கும் கேமராவுக்கு ஓமானில் அரசின் முன்னனுமதி தேவை. யாராவது வீட்டுக்குள் காபி குடிக்க அழைத்தால் போகலாம்; வலக்கையால் வாங்குங்கள், போதும் என்றால் கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்டினால் மீண்டும் ஊற்ற மாட்டார்கள்.

அருகிலிருக்கும் பாம்புப் பள்ளத்தாக்கு எனப்படும் குறுகிய பாறைப் பிளவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கயிற்றில் இறங்கி, குளங்களில் குதித்து, நீந்திக் கடக்க வேண்டிய இடம். மழை வந்தால் ஏறித் தப்ப வழியில்லை. புதியவர்களுக்கு உரியதன்று, மேலிருந்து பார்த்தால் போதும்.

ஹாத் கிராமத்துக்குப் பின் ஏற்றம் தொடங்குகிறது. இங்கிருந்து நான்கு சக்கர இயக்கத்தையும் தாழ்ந்த கியரையும் போட்டுக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வருகிறதா என்று அடுத்த இரண்டு வளைவுகள் வரை மேலே பார்த்துக்கொண்டே ஏறுங்கள். சந்திக்க நேர்ந்தால் ஒதுங்க இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்வாங்குவது வழக்கம். இந்தப் பாதையை அல் ஹம்ராப் பக்கத்திலிருந்து இறங்குவதைவிட ருஸ்தாக் பக்கத்திலிருந்து ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன். ஏற்றத்தில் பிரேக் சூடேறுவதில்லை, வண்டி தானாகவே மெல்லப் போகிறது. உச்சியில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஷரஃப் அல் அலமைன் என்னும் முகடு. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் பாதை நூல்போல் தெரியும். அங்கிருந்து மறுபக்கம் தார்ச்சாலையில் அல் ஹம்ராவுக்கு இறங்கலாம். நிறுத்தி நிறுத்தி வந்தால் மொத்தம் நான்கு மணி நேரம் ஆகும். மாலையில் வந்த வழியே திரும்ப எண்ணாதீர்கள். அல் ஹம்ராவில் தங்குங்கள், அல்லது நிஸ்வா வழியாக நெடுஞ்சாலையில் மஸ்கட்டுக்கு வந்துவிடுங்கள்.

மலையைக் கடக்க விரும்பாதவர்கள் இந்த நாளை அல் ஹஸ்முக்கு ஒதுக்கலாம். ருஸ்தாக்கிலிருந்து கடலை நோக்கிச் சுமார் 20 கிலோமீட்டர். முன்னர்ச் சொன்ன ஸயிஃபின் மகன் இரண்டாம் சுல்தான் பின் ஸயிஃப், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள கோட்டையைக் கட்டித் தலைநகரையே இங்கே மாற்றினார். அவர் கல்லறையும் உள்ளே இருக்கிறது. மரம் அரிதான சமவெளியில் உத்தரங்களுக்குப் பதிலாகப் பருத்த தூண்களும் வளைவுகளும் கூரையைத் தாங்குகின்றன. கோட்டையின் அடியிலேயே ஃபலஜ் ஓடுவதைக் குனிந்து பார்க்கலாம். செதுக்கிய பெரும் கதவுகளும் போர்த்துக்கீசியப் பீரங்கிகளும் உண்டு. எல்லாக் கோட்டைகளிலும் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாம் நாள்: கடற்கரை

நீர் கடைசியாக வந்து சேரும் இடம் கரை. பர்காவுக்கு மேற்கே உள்ள ஸவாதியில் கரைக்கு எதிரே சிறு தீவுகள். நீர் வற்றும் வேளையில் அருகிலுள்ள தீவுக்கு நடந்தே போகலாம். ஓதம் ஏறும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, அதற்கு நன்கு முன்னதாகத் திரும்பிவிட வேண்டும், நீரோட்டம் இழுக்கும். தொலைவில் தெரியும் தைமானியாத் தீவுகள் 1996 முதல் இயற்கைக் காப்பகம். அழுங்காமைகளும் கடற்பறவைகளும் முட்டையிடும் காலமான மே முதல் அக்டோபர் வரை தீவில் கால்வைக்க அனுமதியில்லை. மற்ற மாதங்களில் அனுமதி பெற்ற படகுகளில் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம்.

கரையில் எங்கேனும் ஷாஷா என்னும் படகைக் கண்டால் நின்று பாருங்கள். பேரீச்சை மட்டைகளைக் கயிற்றால் கட்டிச் செய்தது. பலகை கிடையாது, ஆணி கிடையாது, நீர் உள்ளே வந்து வெளியே போகும், படகு மூழ்காது. கட்டுமரம் கட்டிய நம் மீனவர்கள் இதைப் பார்த்தால் வேறு மரத்தில் அதே அறிவு என்பார்கள். இன்று அதைக் கடலில் காண்பது அரிது.

பயணத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாகவும் மாதம் குளிர்காலமாகவும் அமைந்தால் பர்காவில் மாலைநேர மாட்டு மோதலைப் பார்க்கலாம். மனிதர் மாட்டை அணைவதில்லை. இரண்டு காளைகள் நெற்றியோடு நெற்றி முட்டும், பின்வாங்கியது தோற்றது, கயிற்றைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடுவார்கள். சுற்றிலும் தரையில் அமர்ந்திருப்போருடன் நீங்களும் அமரலாம். காளை ஓடிவந்தால் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள், நீங்களும் ஓடுங்கள்.

உணவுக்குக் கவலை வேண்டா. சாலையோரச் சிற்றுணவகங்களில் பரோட்டாவும் பாலில் கொதித்த கரக் தேநீரும் எங்கும் கிடைக்கும். அடுப்பில் நிற்பவர் பெரும்பாலும் மலையாளியாக இருப்பார், தமிழும் பேசுவார். மாலையில் கரியில் சுட்ட மிஷ்காக் இறைச்சித் துண்டுகளைக் கடற்கரையில் விற்பார்கள். ஊருக்குக் கொண்டுபோக பர்காவில் ஹல்வா வாங்குங்கள். பெரிய செப்புப் பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிளறிய, ஏலமும் பன்னீரும் மணக்கும் பண்டம். திருநெல்வேலிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளச் சற்று நேரமாகலாம். குளிர்பெட்டி இல்லாமலே பல வாரங்கள் கெடாது. கடையில் முதலில் ருசிக்கக் கொடுப்பார்கள், கசப்பான காபியுடன். குங்குமப்பூ கூடியதையும் குறைந்ததையும் இரண்டையும் கேட்டுவிட்டு எடையைச் சொல்லுங்கள்.